மெட்டல் கேட்க எந்த ஹெட்ஃபோன்? இரண்டாவது மணி நேரத்தில்தான் தெரியும்

என் முதல் பெரிய ஹெட்ஃபோனைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நின்றபடி ஐந்தே நிமிடம் கேட்டுவிட்டு வாங்கினேன். கடைக்காரர் போட்டுக் காட்டிய பாட்டில், காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் விழும்போதெல்லாம் தாடை எலும்பு வரை அதிர்ந்தது. ஹெவி மெட்டல் இசைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. அன்று இரவு வீட்டில், எனக்கு மனப்பாடமான ஓர் ஆல்பத்தைப் போட்டேன். கிட்டார் கம்பளிக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கேட்டது. உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள்மேல் அழுத்தி வாசிக்கும் பாம் மியூட் ரிஃப்பில் (ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துணுக்கு) ஒவ்வோர் அடியும் கத்தியால் நறுக்கியதுபோல் தனித்தனியாக வர வேண்டும். எனக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே முனகலாக வந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றினேன். காதைச் சுற்றி வியர்வை, உச்சந்தலையில் வலி.

அந்த ஹெட்ஃபோனில் பழுது ஏதும் இல்லை. அதைக் கடையில் ஐந்து நிமிடம் மயக்குவதற்கென்றே தயாரித்திருந்தார்கள், அவ்வளவுதான். ராக், மெட்டல் கேட்பவர்களில் பலர் ஹெட்ஃபோனில் முதலில் தேடுவது பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களின் கனம். ஆனால் இந்த இசையின் உயிர் இருப்பது மிட் எனப்படும் நடுப்பகுதியில். அங்கே தெளிவு இருக்க வேண்டும், தலையில் இரண்டு மணி நேரம் உறுத்தாமல் உட்கார வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் அப்புறம்தான்.

கிட்டாரிலிருந்து தொடங்கலாம். வழக்கமான சுருதியில் ஆறு கம்பி கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 அதிர்வில், ஒலிக்கும். மெட்டலில் அதைவிடக் கீழே போவார்கள். இந்தப் பழக்கத்தின் வேரில் ஒரு விபத்தும் இருக்கிறது. 1965-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர், ஆகவே கம்பியை அழுத்திப் பிடிக்கும் கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னாளில் கம்பிகளின் இழுவிசையைக் குறைக்கச் சுருதியையும் இறக்கினார். அவருடைய குழுவான பிளாக் சபாத் 1971-ல் வெளியிட்ட மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகளில் கிட்டார் மூன்று அரைச்சுரம் கீழே, ஏறக்குறைய 69 ஹெர்ட்ஸில் நிற்கிறது. பிறகு வந்த ஏழு கம்பி கிட்டார் 62-க்கும், ஸ்வீடனின் மெஷுகா போன்ற குழுக்களின் எட்டுக் கம்பி கிட்டார் 46-க்கும் அதற்குக் கீழேயும் இறங்கின. நான்கு கம்பி பேஸ் கிட்டார் 41-ல் தொடங்குகிறது.

இந்த எண்களைப் பார்த்தால் பேஸ்தான் எல்லாம் என்றே தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரில் அடிச்சுரம் ஒரு சிறு பங்குதான். டிஸ்டார்ஷன் என்பதே ஒலி அலையின் தலையை வெட்டித் தட்டையாக்குவது. அப்படி வெட்டும்போது அடிச்சுரத்தின் இரட்டிப்பு, மும்மடங்கு, நான்மடங்கு என மேற்சுரங்கள் பெருகி வருகின்றன. அந்த இரைச்சலில்தான் ஒரு கிட்டாரின் குணமே இருக்கிறது. கிட்டார் ஆம்பின் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரின்) ஸ்பீக்கரோ ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று அடங்கிவிடும். ஆக, நீங்கள் கேட்கும் ரிஃப்பின் பெரும்பகுதி ஏறக்குறைய 100-க்கும் 5,000-க்கும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறது. பாடகரின் குரலும், அலறலும், ஸ்னேர் டிரம்மின் உடலும், பேஸ் கிட்டார் கம்பியின் உறுமலும் அதே இடத்தில்தான். கிக் டிரம்மின் கனம் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தாலும், மெட்டல் கலவையில் அதைத் தூக்கிக் காட்டும் 'டிக்' என்ற சத்தம் 3,000-க்கு மேலேதான் இருக்கிறது.

இப்போது இரண்டு காலாலும் கிக் டிரம்மை மிதிக்கும் டபுள் பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 200 தாளத்தில், பதினாறாம் பங்குச் சுரங்களாக, அதாவது ஒரு தாளத்துக்கு நான்கு அடியாக மிதித்தால் நொடிக்கு 13 அடிக்கு மேல். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 75 மில்லிநொடி. ஒவ்வோர் அடியும் தனியாகக் கேட்பது அந்த 'டிக்' இருப்பதால்தான். 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை ஹெட்ஃபோன் வீங்கியிருந்தால், அந்த வீக்கம் அதற்கு மேலுள்ள சத்தங்களைக் காதுக்குள்ளேயே மூடி மறைத்துவிடும். கனத்த தாழ்சுரம் மேற்சுரத்தை மறைப்பது மனிதக் காதின் இயல்பு. 'இந்த ஹெட்ஃபோனில் பேஸ் மெதுவாக இருக்கிறது' என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் வேகம் குறைவதில்லை. மறைந்துபோன 'டிக்'கைத்தான் அவர்கள் அப்படி உணர்கிறார்கள். என் முதல் ஹெட்ஃபோனில் நடந்ததும் அதுவே.

அதற்காக பேஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆடியோ கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பல ஆண்டுகள் பலதரப்பட்டவர்களைக் கேட்க வைத்து, எந்த மாதிரி ஒலியை மக்கள் விரும்புகிறார்கள் என்று தேடினார்கள். பெரும்பாலோர் விரும்பிய ஒலியில் பேஸ் தூக்கலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தூக்கல் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அதற்கு மேல் நடுப்பகுதி சமமாகப் போகிறது. மெட்டலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்: கிக்கின் கனமும் பேஸ் கிட்டாரின் அடியும் எழும்பும், ரிஃப்பின்மேல் சேறு படியாது. இன்னொன்றும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. இளையவர்கள் கூடுதல் பேஸ் கேட்டார்கள், வயது ஏற ஏறக் குறைத்துக் கேட்டார்கள். ஆகவே உங்கள் தம்பிக்குப் பிடித்தது உங்களுக்குப் பிடிக்காமல் போனால் இருவர் காதிலும் குறை இல்லை.

மேல் பக்கம் இதைவிடச் சிக்கலானது. நம் காதுத் துளையே 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலியைப் பெருக்கித் தரும். நல்ல ஹெட்ஃபோன் அதற்கு ஈடுகொடுத்து அமைந்திருக்கும். அந்த இடத்தில் பள்ளம் விழுந்தால் கிட்டார் தொலைவில் போய்விடும், குரல் மந்தமாகும். மேடு எழுந்தால் எல்லோரும் முகத்துக்கு நேராகக் கத்துவதுபோல் இருக்கும். 6,000 முதல் 9,000 வரை சிம்பலின் நாடு. ஜாஸில் சிம்பல் தொடர்ந்து ஒலித்தாலும் பெரும்பாலும் மென்மையாகத்தான். மெட்டலில் கோரஸ் முழுக்க க்ராஷ் சிம்பல் ஓயாமல் அடிபடும். அங்கே ஒரு கூர்முனை இருந்தால் முதல் பாட்டில் 'அடடா, என்ன விவரம்!' என்று தோன்றும். நான்காவது பாட்டில் காது கூசும். எட்டாவது பாட்டில் காரணம் தெரியாமலே ஒலியைக் குறைப்பீர்கள், அல்லது கழற்றி வைத்துவிடுவீர்கள்.

இதற்கெல்லாம் நல்ல உதாரணம் ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரத்து பேயர்டைனமிக் நிறுவனம். அவர்களுடைய டிடி 990 ப்ரோ, டிடி 770 ப்ரோ இரண்டும் 1980-களில் பிறந்த வரிசை, இன்றும் விற்பனையில் இருக்கின்றன. 990 திறந்த முதுகு உடையது, அதாவது கிண்ணத்தின் பின்புறம் ஒலியும் காற்றும் போய்வரும்; 770 மூடியது. இரண்டிலும் 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மை இருக்கிறது, 990-ல் அது அதிகம். பழைய ராக் பதிவுகளுக்கு அந்தக் கூர்மை ஒரு பளபளப்பைத் தரும். நவீன மெட்டலில் சிம்பல் ஊசியாகக் குத்தும். இருந்தும் 770-ஐ நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். அதை அணியும் சுகத்துக்கு அந்த விலையில் ஈடு சொல்வது கஷ்டம். வட்டமான சாம்பல் நிற வெல்வெட் மெத்தை, கேபிள் இல்லாமல் 270 கிராம் எடை, பெரும்பாலான பாகங்களைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) 8,000-ல் ஐந்தாறு டெசிபெல் குறைத்தால் கூர்மையும் அடங்கிவிடும்.

என் மேசையில் பல வருடமாக இருப்பது சென்ஹைசர் ஹெச்டி 600. 1997-ல் வந்த இந்த ஹெட்ஃபோனின் நடுப்பகுதிக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. இடது காதில் ஒரு கிட்டார், வலது காதில் ஒரு கிட்டார், இரண்டும் ஒரே ரிஃப்பைத் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்திருப்பார்கள் அல்லவா? அந்த இரண்டு கைகளின் சின்னச் சின்ன வித்தியாசம் இதில் கேட்கும். பிக் கம்பியை உரசும் சத்தம், ஃப்ரெட்டில் விரல் நகரும் சத்தம், எல்லாம் அதனதன் இடத்தில். குறை என்னவென்றால், 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது இறங்கிக்கொண்டே போகும். எட்டுக் கம்பி கிட்டார்க் குழுக்களைக் கேட்பவருக்கு அடித்தளம் போதாது என்று தோன்றலாம். புதிதில் தலையை நன்றாகவே இறுக்கும்.

நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்து வரும் கிராடோவுக்கு ராக் ரசிகர்களிடம் தனி அன்பு உண்டு. எஸ்ஆர்80 போன்ற மாடல்கள் கிட்டாரை இரண்டு அடி முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். 1970-களின் ஹார்டு ராக், பங்க் கேட்டால் அறைக்குள்ளேயே ஆம்ப் இருப்பதுபோல் ஒரு பரவசம். ஆனால் அந்த நுரைத் திண்டு காதின்மேலேயே உட்காரும். முக்கால் மணி நேரத்தில் என் காதுமடல் எரிய ஆரம்பித்துவிடும். ஆடியோ-டெக்னிக்காவின் எம்50எக்ஸ் எல்லோரும் சொல்லும் பெயர். துள்ளலான ஒலி, மடித்து வைக்கலாம், உழைக்கும். மெத்தையின் ஆழம் குறைவு என்பதால் காது உள்ளே இடிக்கிறதா என்று போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அப்புறம், மெல்லிய படலம் ஒன்று காந்தங்களுக்கு நடுவே அதிரும் பிளானர் வகை. ஹைஃபைமேனின் எச்ஈ400எஸ்ஈ, சுந்தாரா போன்றவற்றில் அடி பேஸ் இறங்காமல் நேராகப் போகும், வேகமான டிரம்முக்கு அது அழகு. எடைதான் விலை: 370 முதல் 390 கிராம் வரை.

எடையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 390 கிராமைத் தலை முழுக்கப் பரப்பும் அகலமான பட்டை, 250 கிராமை உச்சந்தலையில் ஒரே புள்ளியில் அழுத்தும் பட்டையைவிடச் சுகம். இரண்டாவது, பக்கவாட்டு இறுக்கம். ராக் கேட்டுத் தலையை ஆட்டாதவர் யார்? கொஞ்சம் இறுக்கம் தேவை. ஆனால் காதுக்குக் கீழே தாடை மூட்டில் அழுத்தம் தெரிந்தால் அது நாளாக ஆக மோசமாகும். மூன்றாவதாக, காது உள்ளே முழுதாக உட்காருகிறதா, உள்ளிருக்கும் துணியைக் காதுமடல் தொடுகிறதா என்று கவனியுங்கள். கடையில் அது ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் தொட்டுக்கொண்டே இருந்தால் ஊசி குத்துவதுபோல் ஆகிவிடும்.

சென்னையில், மதுரையில், யாழ்ப்பாணத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு பிரச்சினை வெப்பம். ரெக்சின் போன்ற செயற்கைத் தோல் மெத்தை சத்தத்தை நன்றாக அடைக்கும், பேஸைக் கசியவிடாது. ஆனால் மே மாதத்தில் இருபது நிமிடத்தில் ஈரமாகிவிடும். இரண்டு மழைக்காலம் போனால் மேல் தோல் செதில் செதிலாக உரிந்து கழுத்தில் கறுப்புத் துகளாக ஒட்டும். வெல்வெட் மெத்தையில் காற்று புகும், வியர்வை குறைவு, கழற்றி அலசிக் காய வைக்கலாம். ஏசி இல்லாத அறையில் கேட்கிறவர் வெல்வெட்டையே பாருங்கள் என்பேன்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும்போது அந்த இடுக்கு வழியே, மூடிய ஹெட்ஃபோனில், பேஸ் ஓடிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பேஸ் திடீரென்று கூடினால் உங்கள் தலையில் அது சரியாக மூடவில்லை என்று அர்த்தம். இணையத்தில் 'நல்ல பேஸ்' என்று எழுதியவரின் தலை வேறு, உங்கள் தலை வேறு. அணியும் சுகமும் ஒலியும் இரண்டு தனிக் கணக்கு அல்ல என்பதை இந்தச் சின்னச் சோதனையில் எனக்கு நானே தெரிந்துகொண்டேன்.

திறந்ததா, மூடியதா என்பதை நீங்கள் கேட்கும் இடமே தீர்மானிக்கும். திறந்த முதுகில் ஒலி தலைக்கு வெளியே விரியும், காதில் காற்றோட்டம் இருக்கும், நீண்ட நேரம் கேட்க எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் மின்விசிறிச் சத்தம் முழுக்க உள்ளே வரும், உங்கள் டெத் மெட்டல் முழுக்க அடுத்த அறைக்குப் போகும். பேருந்திலும் ரயிலிலும் மூடியதுதான். அங்கே எஞ்சினின் உறுமல் பேஸ் கிட்டார் இருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்து அதை விழுங்கிவிடும், நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். நாய்ஸ் கேன்சலிங் வசதி இப்படித் தொடர்ந்து வரும் தாழ்ந்த உறுமலை நன்றாக அடக்கும், ஹாரனையும் பக்கத்து சீட் பேச்சையும் அவ்வளவு அடக்காது. தினமும் பயணத்தில் கேட்பவருக்கு அந்த வசதிக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

ஒலி அளவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெட்டல் கேட்கும் நாம் இதில் கவனக்குறைவானவர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அதன்படி 90 டெசிபெல்லில் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரம்தான். ஒலியைக் குறைத்தால் பேஸ் இறங்கிப்போவதுபோல் இருப்பது உங்கள் கற்பனை இல்லை. தாழ்ந்த ஒலியில் காதுக்குத் தாழ்சுரம் குறைவாகக் கேட்கும் என்பதை 1933-லேயே பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். அடி பேஸ் கொஞ்சம் தூக்கலான ஹெட்ஃபோன் இந்த வகையிலும் உதவும், குறைந்த ஒலியிலேயே இசை நிறைவாக இருக்கும். காதில் இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிட்டால் எந்த ஹெட்ஃபோனும் அதைப் போக்காது. தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

விலை கூடினால் ஒலி கூடுமா? 2017-ல் யேரூன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவுகளை எடுத்து விலையோடு ஒப்பிட்டார். ஒலி எந்தச் சுரத்தில் எவ்வளவு வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை. விலையோடு மெத்தையின் தரம், உழைப்பு, பாகங்கள் கிடைப்பது இவை மாறலாம். அதற்குப் பணம் கொடுப்பது நியாயம்.

சில ஆல்பங்களை எந்த ஹெட்ஃபோனாலும் காப்பாற்ற முடியாது, அதற்கு ஹெட்ஃபோனைக் குறை சொல்லவும் கூடாது. மெட்டாலிகாவின் 1988 ஆல்பமான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'-இல் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டாரைக் கலவையிலேயே ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டார்கள். அதே குழுவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னட்டிக்' அளவுக்கு மீறி உரக்க அழுத்தப்பட்டு, டிரம் அடிகள் நொறுங்கிக் கேட்டன. அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் அவ்வளவு அழுத்தம் இல்லாமல் வந்ததை ரசிகர்கள் ஒப்பிட்டுப் பார்த்து ஆதங்கப்பட்டார்கள். தெளிவான ஹெட்ஃபோன் வாங்கினால் இந்தக் காயங்களும் தெளிவாகத் தெரியும். ஆகவே சோதிக்க எடுத்துப் போகும் பாட்டு நன்றாகப் பதிவானதாக இருக்கட்டும்.

ஓம், அதாவது ஹெட்ஃபோனின் மின்தடை அளவு, பலரைக் குழப்புகிறது. டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம்களில் வருகிறது, ஹெச்டி 600-இல் அது 300 ஓம். ஓம் கூடினால் தரம் கூடும் என்று பொருள் இல்லை, போனில் நேராகச் செருகினால் ஒலி போதாமல் போகலாம் என்பதுதான். போனில் மட்டும் கேட்பவர் 32 அல்லது 80-ஐ எடுங்கள். மற்றதற்கு ஒரு சின்ன ஆம்ப் வேண்டும்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். அவர்கள் போடும் பாட்டு வேண்டாம், உங்கள் போனில் உங்களுக்கு அத்துப்படியான மூன்று இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, பாம் மியூட் ரிஃப்பின் அடியில் டபுள் பெடல் ஓடும் இடம். அதில் பேஸ் கிட்டாரை மட்டும் உங்களால் பின்தொடர முடிகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, க்ராஷ் சிம்பல் ஓயாத ஒரு கோரஸ், நடுத்தர ஒலியில் மூன்று முறை. கண் சுருங்கினால் வேண்டாம். மூன்றாவது, குரல் தனியாக நிற்கும் ஓர் அமைதியான இடம். பிறகு இசையை நிறுத்திவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றாமல் கடைக்காரரோடு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். தாடை அசையும்போது எங்கே அழுத்துகிறது என்று அப்போதுதான் தெரியும்.

வாங்கிய பிறகு ஈக்யூவைத் தொடத் தயங்காதீர்கள். 200 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபெல் குறைத்ததிலேயே என் முதல் ஹெட்ஃபோனின் ரிஃப்புகள் கம்பளியை விட்டு வெளியே வந்தன. இது முன்பே தெரிந்திருந்தால் அதை அவ்வளவு சீக்கிரம் கொடுத்திருக்க மாட்டேன். மெத்தையையும் கவனியுங்கள். அது தட்டையாகிவிட்டால் காது ஸ்பீக்கருக்கு நெருங்கிப் போய் ஒலியே மாறும், அது மெதுவாக மாறுவதால் நமக்குத் தெரியாது. போன மாதம் என் ஹெச்டி 600-க்குப் புது மெத்தை மாட்டினேன். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதித் தடிமன்கூட இல்லை. சில மாதமாகச் சிம்பல் ஏன் முன்னால் வந்து நிற்கிறது என்று ஈக்யூவில் தேடிக்கொண்டிருந்தேன். அன்று இரவு அவை டிரம்மருக்குப் பின்னால் தங்கள் பழைய இடத்துக்கே போயிருந்தன.